ஊசி முனையில் உண்மை எவ்வளவு?

மாணவ நண்பர்களே, உங்கள் இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் குறுக்காக ஒரு கோடு தெரிகிறதல்லவா? அந்தக் கோட்டை ஒட்டி, முழங்கைப் பக்கமாக, வலக்கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துக் குறுக்காக வையுங்கள். மூன்று விரல்களும் முடிகிற இடத்தில், கையின் நடுவே ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மந்தமான ஒரு வலி தெரியலாம்.

சீன வைத்தியர்கள் இந்த இடத்துக்கு 'நெய்குவான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'உள்வாயில்' என்று பொருள் சொல்லலாம். குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றுக்கு இங்கே மெல்லிய ஊசியைச் செருகுவது அவர்களுடைய வழக்கம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள 'ஹெகு' பல்வலிக்கும் தலைவலிக்கும் உரியது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் உள்ள 'ஸூசான்லி' வயிற்றுக் கோளாறுகளுக்கும் களைப்புக்கும் உரியது. இப்படி உடம்பு முழுவதும் 361 புள்ளிகளைச் சீன மருத்துவம் குறித்து வைத்திருக்கிறது. இந்த ஊசி மருத்துவத்தைத்தான் உலகம் 'அக்குபங்சர்' என்கிறது.

"ஐயா, இது விஞ்ஞானமா, மூடநம்பிக்கையா?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. ஆனால் கேட்கப்படுவது ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்விகள். ஊசி குத்தினால் நோயாளிக்குக் குணம் தெரிகிறதா? தெரிந்தால், குறிப்பிட்ட அந்தப் புள்ளியில்தான் குத்த வேண்டுமா? அதற்குப் பழைய நூல்கள் கூறும் காரணம் சரியா? இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எல்லாம் மெய்' என்று தலையில் தூக்கி வைத்துக் கொள்வதும் தவறு. 'எல்லாம் பொய்' என்று வீதியில் எறிவதும் தவறு. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும் என்பதே என் கருத்து.

பஞ்சாங்கமும் உடம்பும்

முதலில் பழைய நூல்கள் சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். உடம்பில் 'ச்சி' என்னும் உயிராற்றல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடுவதற்கு 12 முதன்மைத் தடங்களும், முன்னும் பின்னும் நடுக்கோட்டில் 2 தடங்களும் உண்டு. ஓட்டத்தில் தடை ஏற்பட்டால் நோய். தடத்தின் மேலுள்ள புள்ளியில் ஊசி செருகினால் தடை நீங்கும். இதுதான் சுருக்கம்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதல்ல. சீனாவில் மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973ல் தோண்டியபோது, பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் 11 தடங்கள் கூறப்படுகின்றன. அந்தத் தடங்களின் மேல் மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் முறை இருக்கிறது. ஊசி இல்லை, புள்ளிகளும் இல்லை. பின்னர் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' என்னும் பெருநூலில் தடங்கள் 12 ஆகிவிட்டன. ஆண்டுக்கு 365 நாள் போல உடம்பில் 365 புள்ளிகள் என்றும் அந்நூல் கூறுகிறது. ஆனால் அது பெயர் சொல்லிக் குறிப்பிடும் புள்ளிகள் ஏறக்குறைய 160 மட்டுமே! அப்படியானால் அந்த 365 எங்கிருந்து வந்தது? உடம்பைப் பார்த்து எண்ணியிருக்க முடியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள்.

அதற்காக அவர்களை அறிவில்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். புள்ளியை அளக்க அவர்கள் கையாண்ட அலகு 'சுன்'. நோயாளியின் கட்டைவிரல் அகலம் ஒரு சுன். நான்கு விரல் அகலம் மூன்று சுன். நம்முடைய விரற்கடை போன்றதுதான். குழந்தைக்குச் சிறிய சுன், பெரியவருக்குப் பெரிய சுன். ஆகவே உயரம் மாறினாலும் புள்ளி இடம் மாறுவதில்லை. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1027ல் வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர் ஆள் உயர வெண்கலச் சிலைகளைச் செய்வித்தார். புள்ளி இருக்கும் இடமெல்லாம் துளை. பரீட்சை நாளில் சிலையின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வெளியே வரும்! எவ்வளவு நேர்த்தியான செய்முறைத் தேர்வு! ஆனால் சற்று யோசியுங்கள். அந்தத் தேர்வு எதைச் சோதித்தது? ஆசிரியர் சொன்ன இடத்தை மாணவன் மறக்கவில்லை என்பதைச் சோதித்தது. அந்த இடத்தில் குத்தினால் நோய் தீருமா என்பதை அது சோதிக்கவே இல்லை.

நம் காலத்திலும் இதே குழப்பம் உண்டு. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளுக்கிடையே 92 புள்ளிகளின் இடம் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. அறிஞர்கள் பல முறை கூடிப் பேசி, 361 புள்ளிகளின் இடங்களையும் வரையறுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008ல் அதை நூலாக வெளியிட்டது. உடனே, "உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். பெயரையும் இடத்தையும் ஒழுங்குபடுத்துவது வேறு. பயனை நிரூபிப்பது வேறு. வானியல் அறிஞர்கள் 88 விண்மீன் கூட்டங்களுக்குப் பெயரும் எல்லையும் வகுத்திருக்கிறார்கள். அதனால் ராசிபலன் உண்மையாகிவிடுமா?

ஒரு குடல்வால் கதை

1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் சீனா சென்றிருந்தார். பெய்ஜிங்கில் அவருக்குத் திடீரென்று குடல்வால் அழற்சி ஏற்பட்டது. அங்குள்ள பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் இரவு வயிறு உப்பி வேதனை தந்தது. ஊசி மருத்துவர் ஒருவர் அவருடைய வலது முழங்கையிலும் இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி செருகினார். மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே சூடு காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது. இதை ரெஸ்டன் தம் பத்திரிகையான 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதினார். அமெரிக்கா முழுவதும் பரபரப்பு!

கதை வாய்க்கு வாய் மாறியது. "மயக்க மருந்தே இல்லாமல், வெறும் ஊசியைக் குத்தியே அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார்களாம்" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். ரெஸ்டன் எழுதியது அதுவல்ல. வழக்கமான மரப்பு மருந்தைச் செலுத்தித்தான் சீன மருத்துவர்கள் அவர் வயிற்றைத் திறந்தார்கள். குடல்வாலைக் கத்தியால்தான் நீக்கினார்கள். இவ்வளவுக்கும் சீன ஊசி மருத்துவத்தில் 'குடல்வால் புள்ளி' என்றே காலில் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியை நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டிலோ இந்தப் பரபரப்புக்கு முன்பே ஊசி மருத்துவம் நுழைந்துவிட்டது. 1938ல் டாக்டர் கோட்னிஸ் முதலிய ஐந்து இந்திய மருத்துவர்கள் போரில் காயமுற்ற சீனர்களுக்கு உதவச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு, 1958ல் மீண்டும் சீனா சென்று ஊசி மருத்துவத்தைக் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கி வைத்தார்.

எப்படிச் சோதிப்பது?

"எனக்கு முதுகுவலி இருந்தது, ஊசி குத்திக்கொண்டேன், போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் அது நிரூபணம் ஆகுமா? ஆகாது. முதுகுவலி தானாகவே வந்து தானாகவே தணியும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வரும்? அதோடு, ஒருவர் அரை மணி நேரம் அன்பாக விசாரித்துக் கவனித்தாலே வலி சற்றுக் குறைகிறது. ஆகவே ஊசியின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க ஒப்பீடு வேண்டும்.

ஜெர்மனியில் இப்படி ஒரு பெரிய ஒப்பீடு நடந்தது. 2007ல் முடிவு வெளியாயிற்று. நாட்பட்ட முதுகுவலிக்காரர் 1,162 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குச் சீன நூல் சொல்லும் புள்ளிகளில் ஊசி. இரண்டாம் குழுவுக்குப் புள்ளியே அல்லாத இடங்களில், தோலுக்குச் சற்றே கீழே மட்டும், ஊசி. மூன்றாம் குழுவுக்கு மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை. தமக்குக் குத்தப்படுவது உண்மைப் புள்ளியா, போலிப் புள்ளியா என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்குப் பின் குணம் கண்டவர்கள் எவ்வளவு பேர்? உண்மைப் புள்ளிக் குழுவில் 47.6 சதவீதம். போலிப் புள்ளிக் குழுவில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சைக் குழுவில் 27.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் நிதானமாகப் பாருங்கள். ஊசியை ஆதரிப்பவர் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் மட்டும் காட்டுவார். எதிர்ப்பவர் முதல் இரண்டை மட்டும் காட்டுவார். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவனே விஞ்ஞான மாணவன். ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு நன்மை தெரிந்தது உண்மை. எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே நன்மை என்பதும் உண்மை. முதல் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவுதான். அதாவது, முதுகுவலியைப் பொறுத்தவரை நம் முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற பக்கமும், இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்ற பக்கமும் தராசு சாய்கிறது.

ஆனால் ஒரே ஆய்வோடு தீர்ப்பு எழுதிவிடலாகாது. நாட்பட்ட வலி பற்றிய 39 ஆய்வுகளை, 20,827 நோயாளிகளின் விவரங்களோடு, ஒன்றாகத் தொகுத்து 2018ல் வெளியிட்டார்கள். அதில் உண்மை ஊசி போலி ஊசியைச் சிறிதளவு மிஞ்சியது. நம் மணிக்கட்டு நெய்குவானையும் சோதித்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல், வாந்தி பற்றிய 59 ஆய்வுகளைத் திரட்டிய 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு, அந்தப் புள்ளியைத் தூண்டுவது போலித் தூண்டலைவிட மேலானது என்று கூறியது. அந்த ஆய்வுகளின் தரம் போதவில்லை என்றும் சேர்த்தே கூறியது. ஆகவே 361 புள்ளிகளையும் ஒரே வாக்கியத்தில் தள்ளவும் முடியாது, ஏற்கவும் முடியாது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகப் பரீட்சை எழுத வேண்டும்.

காரணம் தவறானால் விளைவும் தவறா?

மூன்றாம் கேள்விக்கு வருவோம். உயிராற்றல் ஓடும் தடங்களை இதுவரை எந்தக் கத்தியும் எந்த நுண்ணோக்கியும் காட்டவில்லை. புள்ளிகளில் தோலின் மின்தடை குறைவு என்று சொல்லி, புள்ளியைக் 'கண்டுபிடிக்கும்' கருவிகளை 1950களிலிருந்தே விற்கிறார்கள். இதை நீங்களே சோதிக்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், சிறு பாட்டரியால் இயங்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் முன்னங்கையில் வைத்து மின்தடையைப் பாருங்கள். முனையைச் சற்று அழுத்துங்கள்; அளவு இறங்கும். அந்த இடத்தை ஈரப்படுத்துங்கள், இன்னும் இறங்கும். அழுத்தமும் வியர்வையுமே இவ்வளவு மாற்றம் செய்யும்போது, கருவியின் ஓசை எதைக் காட்டுகிறது?

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு மாணவர் நெய்குவானையும், புள்ளியல்லாத ஐந்து இடங்களையும் மையால் குறிக்கட்டும். எது எது என்று அறியாத இன்னொரு மாணவர் அளக்கட்டும். இருபது பேர் கையில் அளந்து அட்டவணை போடுங்கள். இதற்கு மல்டிமீட்டர் மட்டும் போதும். ஊசியைத் தொடவே வேண்டாம். வீட்டு மின்சாரத்தின் பக்கம் போகவே கூடாது.

தடங்கள் இல்லையென்றால் ஊசியால் வரும் நன்மைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். வலியைத் தணிக்க மூளை தானே சில பொருள்களைச் சுரக்கிறது என்று 1975ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அபினிலுள்ள மார்பின் போல் வேலை செய்பவை அவை. அவற்றின் வேலையைத் தடுக்கும் 'நலாக்சோன்' என்ற மருந்தைக் கொடுத்தபோது ஊசியால் வந்த வலித்தணிவு மறைந்ததாக 1977ல் ஓர் ஆய்வு கூறியது. "இதோ, காரணம் கிடைத்துவிட்டது" என்றார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு வந்தது. பல் பிடுங்கியவர்களுக்கு மருந்து என்று சொல்லி மருந்தில்லாத ஒன்றைக் கொடுத்தாலும் சிலருக்கு வலி தணிகிறதல்லவா? அந்தத் தணிவும் நலாக்சோனால் மறைந்தது! ஆக, நம்பிக்கையால் வரும் தணிவுக்கும் மூளையில் பௌதிகக் காரணம் உண்டு.

2021ல் இன்னொரு வியப்பு. எலிகளின் பின்னங்காலில் ஸூசான்லி இருக்கும் இடத்தில் ஊசி வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தினால் உடலில் அழற்சி குறைகிறது. வயிற்றுப் புள்ளி ஒன்றில் அதே மின்சாரத்தைச் செலுத்தினால் குறைவதில்லை என்று 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. காரணம், காலின் ஆழத்தில் இருக்கும் ஒருவகை நரம்பு வயிற்றில் அங்கே இல்லை. எனவே, சில விளைவுகளில் இடமும் முக்கியமாகலாம். ஆனால் அதற்குக் காரணம் நரம்பு; நூலில் வரைந்த தடம் அல்ல. எலியில் கண்டது மனிதனிலும் நிகழுமா என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது.

காரணம் தவறாக இருந்தும் விளைவு சரியாக இருப்பது பௌதிகத்துக்குப் புதிதல்ல. வெப்ப இயந்திரத்தின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு என்று 1824ல் சாதி கார்னோ காட்டினார். வெப்பம் என்பது 'கலோரிக்' என்னும் ஒரு திரவம் என்று கருதித்தான் அவர் வாதித்தார். அந்தத் திரவம் பொய்யாகிப் போனது. கார்னோவின் எல்லை இன்றும் நிற்கிறது. அதன் பொருட்டு யாரும் கலோரிக் திரவத்தைப் பாடப்புத்தகத்தில் மீண்டும் சேர்க்கவில்லை.

எங்கே கறாராக இருக்க வேண்டும்?

"இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானவர்கள் நம்பியது பொய்யாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் காய்ச்சலுக்கு நோயாளியின் இரத்தத்தை வடித்து விடும் வழக்கமும் இரண்டாயிரம் ஆண்டுகள் இருந்தது. பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்கெடுத்து 1835ல் வெளியிட்டார். இரத்தம் வடிப்பதால் பெரிய பயன் இல்லை என்று அந்தக் கணக்கு காட்டிவிட்டது. பழமை ஒரு முறையைச் சோதித்துப் பார்க்கத் தூண்டுதல் தரலாம், சான்றிதழ் தராது.

இது வெறும் பட்டிமன்ற விஷயமல்ல; உயிர் சம்பந்தப்பட்டது. வலி என்பது உடம்பு அடிக்கும் அபாய மணி. வலது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் வாந்தியுமாகத் துடிக்கும் ஒரு பிள்ளைக்குக் காலில் ஊசி குத்தி மணியை மட்டும் அடக்கிவிட்டால் என்ன ஆகும்? குடல்வால் உள்ளே வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். ரெஸ்டனைக் கவனித்த சீன மருத்துவர்கள் ஏன் கத்தியை எடுத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறதா? அதுபோல, சிறு வயதிலேயே நீரிழிவு வந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவர்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். "புள்ளியில் ஊசி குத்தினால் இன்சுலினை நிறுத்திவிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோன உடம்பில் எந்தப் புள்ளியும் இன்சுலினை உண்டாக்காது. ஊசியிலும் ஆபத்து உண்டு. சுத்தம் செய்யாத ஊசியால் மஞ்சள்காமாலைக் கிருமி பரவியிருக்கிறது; தோள், மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தி நுரையீரலில் ஓட்டை விழுந்ததும் உண்டு. ஆகவே நாட்பட்ட முதுகுவலிக்காக ஊசி மருத்துவம் செய்துகொள்ள விரும்பும் பெரியவரைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால், "முதலில் டாக்டரிடம் காட்டி நோய் இன்னதென்று தெரிந்துகொண்டீர்களா? புது ஊசிதானா? பயிற்சி பெற்றவரா?" என்று கேளுங்கள்.

பழைய அறிவைச் சோதிப்பது அதை அவமதிப்பதாகாது. ரெஸ்டன் படுத்திருந்த அதே 1971ல், அதே பெய்ஜிங்கில், தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய சீன ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரும் குழுவினரும் 2,000 மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார்கள். 380க்கு மேற்பட்ட மூலிகைச் சாறுகளை எலிகளில் சோதித்தார்கள். மிகப் பெரும்பாலானவை தேறவில்லை. நான்காம் நூற்றாண்டு ஏடு ஒன்றிலிருந்த சிறு குறிப்பு கைகொடுத்தது: அந்த மூலிகையைக் காய்ச்சாமல், நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும் என்று அதில் இருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். 'ஆர்ட்டிமிசினின்' கிடைத்தது. லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. 2015ல் அவருக்கு நோபல் பரிசு. ஏட்டில் இருந்ததையெல்லாம் அப்படியே ஏற்றிருந்தாலும், ஏட்டைத் திறக்காமலே எறிந்திருந்தாலும், அந்த மருந்து கிடைத்திருக்காது.

361 புள்ளிகளுக்கும் நாம் செய்ய வேண்டியது இதுவே. நம் வீட்டில், நம் ஊரில் வழங்கும் வைத்திய முறைகளுக்கும் இதுவே பொருந்தும். 'நம்முடையது' என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டவும் வேண்டாம். 'அயலாருடையது' என்பதற்காகக் குறைக்கவும் வேண்டாம். யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், தேறாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் பழக்கத்தை இந்த வயதிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நாளை உங்களில் யாரேனும் ஒருவர் அந்தப் புள்ளிகளில் ஒன்றைப் பற்றி முடிவான விடையைச் சொல்லக்கூடும். மல்டிமீட்டர் சோதனையை இந்த வாரமே செய்து பாருங்கள். அட்டவணையில் என்ன எண் வந்தாலும், வந்ததை வந்தபடியே எழுதுங்கள்.